புளி போட்டுத் துலக்கிய தண்டவாளம்

எங்கள் பக்கத்துச் சரித்திரம் ஒரு பலா மரப் பொந்தில் ஆரம்பிக்கிறது. எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற பகைப் பிரபுக்கள் வாளும் கையுமாகத் துரத்தி வர, மார்த்தாண்ட வர்மா என்ற திருவிதாங்கூர் இளவரசர் நெய்யாற்றின்கரையில் ஒரு பலா மரத்தின் பொந்துக்குள் புகுந்து உயிர் தப்பினார் என்பது கதை. பொந்தைக் காட்டியது ஒரு சிறுவன், அவன் சாட்சாத் கிருஷ்ணன். 1729-ல் பட்டத்துக்கு வந்தவர் பிற்பாடு அங்கேயே கிருஷ்ணனுக்குக் கோயில் கட்டினார். அம்மச்சிப் பிலாவு என்று அந்த மரத்தை இன்றைக்கும் கோயில் வளாகத்தில் காட்டுகிறார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்துவிட்டு நான் மாமாவிடம் கேட்டேன்: "ராஜா எதுக்கு மாமா பொந்துக்குள்ள ஏறினாரு? ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏறியிருக்கலாமே?"

மாமா அந்த மரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ரயிலுக்குக் காத்திருந்தா 250 வருசம் நிக்கணும் மக்கா. பொந்து பக்கத்துல இருந்துது."

மாமா எலக்ட்ரீஷியன்; கணக்குத் தப்பாது. நெய்யாற்றின்கரைக்கு ரயில் வந்தது 1979 ஏப்ரலில். இதைவிட வேடிக்கை, திருவனந்தபுரத்துக்கு ரயில் 1918-லேயே வந்துவிட்டது, சாக்கை வரைக்கும். 1931-ல் இன்னும் கொஞ்சம் நகர்ந்து தம்பானூரில் வந்து நின்றது. அங்கிருந்து எங்கள் ஊர் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர். அந்த 20 கிலோமீட்டரைக் கடக்க ரயிலுக்கு 48 வருடம் பிடித்தது. வகுத்துப் பாருங்கள், நாளொன்றுக்கு ஒரு மீட்டரும் சொச்சமும் வருகிறது. எங்கள் முற்றத்து நத்தை மழை பெய்தால் அதைவிட வேகமாகப் போகும். நடுவில் 1972-ல் இந்திரா காந்தி வந்து அடிக்கல் நாட்டினார். கல்லுக்குப் பின்னாலேயே ரயில் வந்துவிடும் என்று நம்பி, மாமாவின் அப்பா புது வேட்டி வாங்கி வைத்திருந்தாராம். ஏழு வருடத்தில் வேட்டி மஞ்சளாகிவிட்டது.

வடக்கே உள்ளவர்களுக்கும் ரயில் சும்மா வந்துவிடவில்லை. 1904-ல் கொல்லம்–செங்கோட்டைப் பாதையில் வண்டி விட வேண்டும். மலையைக் குடைந்து, பாலம் கட்டி எல்லாம் முடிகிற வரைக்கும் எஞ்சின் காத்திருக்குமா? எஞ்சினைத் துண்டு துண்டாகக் கழற்றித் தூத்துக்குடியிலிருந்து கடல் வழியாகக் கொல்லத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இறக்கி மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பூட்டி ஓட்டினார்கள். பெட்டிக்குள் பாகம் பாகமாக வரும் பொம்மை ரயிலை உட்கார்ந்து பூட்டுகிறோமே, அதேதான். பாகம் ஒவ்வொன்றும் டன் கணக்கில். கடைசியில் ஒரு திருகாணி மிச்சமாகி, "இது எங்கேயிருந்துடா கழன்றது?" என்று யாரோ ஒரு ஃபிட்டர் தலையைச் சொறிந்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொம்மையைப் பூட்டிய எல்லோருக்கும் அந்தத் திருகாணி தெரியும்.

கொச்சி ராஜா வேறு வழியில் போனார். ஷொர்ணூர்–எர்ணாகுளம் பாதைக்குப் பணம் முடையாக இருந்ததால், திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் 15 தங்க நெற்றிப்பட்டங்களில் 14-ஐ விற்றார் என்று சொல்வார்கள். 1902-ல் ரயில் வந்தது. யானைகள் வெறும் நெற்றியோடு அதை வேடிக்கை பார்த்தன.

குவாலியரில் நடந்ததைக் கேட்டால் இதெல்லாம் சிக்கனம் என்று தோன்றும். மாதோராவ் சிந்தியா மகாராஜாவுக்கு ரயில் பைத்தியம். அரண்மனை வளாகத்தில் விளையாட்டாக 2 அடி கேஜில் தண்டவாளம் போட ஆரம்பித்தார். அது வேலி தாண்டி, ஊர் தாண்டி, ஷியோப்பூர் கலான் வரை சுமார் 200 கிலோமீட்டருக்கு நீண்டு, 2020 வரைக்கும் டிக்கெட் வாங்கிய நிஜ மனிதர்களைச் சுமந்தது. அதுவும் போதாதென்று சாப்பாட்டு மேசைமேலும் ஒரு ரயில். இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் ஊரின் பாஸெட்-லோக் கம்பெனி செய்து கொடுத்த வெள்ளி ரயில், மின்சாரத்தில் ஓடுவது. ஏழு பெட்டி, பெட்டிக்கு ஒரு ஆங்கில எழுத்தாக சிந்தியாவின் பெயர். பெட்டியில் பிராந்திக் குப்பி, சுருட்டு. விருந்தாளி குப்பியைத் தூக்கினால் வண்டி நிற்கும்; திரும்ப வைத்தால் நகரும். ஜெய் விலாஸ் அரண்மனை அருங்காட்சியகத்தில் இப்போதும் அது இருக்கிறது.

இந்த ரயில் ஒரு நாள் வைஸ்ராய்க்குக் கொடுத்த விருந்தில் வெறி பிடித்து ஓடி, கறிக் குழம்பையும் பட்டாணியையும் துரைமார் சட்டையில் வாரி இறைத்ததாக லாபியரும் காலின்ஸும் 1975-ல் வந்த தங்கள் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். மின்சாரம் ஷார்ட் ஆகிவிட்டதாம். படித்தவுடன் சிரித்தேன். பிறகு எனக்குள் இருந்த ரிப்பேர்க்காரன் விழித்துக்கொண்டான். தண்டவாளம் இரண்டுக்கும் நடுவே ஒரு முள்கரண்டி குறுக்கே விழுந்து ஷார்ட் ஆனால் வண்டி நிற்கும், ஓடாது. பைத்தியமாக ஓடியிருந்தால் கோளாறு தண்டவாளத்தில் இல்லை, வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில். அங்கே ஷார்ட் ஆனால்தான் முழு மின்சாரமும் நேராக மோட்டாருக்குப் போகும். ஆக, மகாராஜா முகம் சிவந்து மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, திரைக்குப் பின்னால் ஒருவன் எந்தச் சுவிட்சை இழுப்பது என்று தெரியாமல் வியர்த்துக் கொட்டியிருப்பான். துரைமார் சட்டையில் என்ன விழுந்தது என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் அந்த ரெகுலேட்டரைக் கழற்றியவன் யார் என்று ஒரு வரி இல்லை.

அவன் தினசரி படும்பாடும் எனக்குப் புரிகிறது. தண்டவாளமும் வெள்ளி என்றே எழுதுகிறார்கள். மின்சாரம் கடத்துவதில் வெள்ளியை அடிக்க வேறு உலோகம் இல்லை. ஆனால் முட்டையும் வெங்காயமும் கடுகும் புழங்குகிற மேசை. கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். விருந்து முடிந்து துரைமார் ஏப்பம் விடும்போது, யாரோ ஒருவன் துணியோடு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், எங்கள் வீட்டிலும் ஒரு ரயில் இருந்தது. வெள்ளி இல்லை, பித்தளை.

மாமா மூன்று வருடம் குவைத்தில் கிடந்துவிட்டு 1984-ல் ஊருக்கு வந்தார். பாறசாலைப் பக்கத்தில் வளைகுடாவிலிருந்து ஆள் வந்தால் பெட்டியைத் திறப்பது ஒரு திருவிழா. மற்றவர்கள் பெட்டியில் டேப் ரெக்கார்டர், டார்ச் லைட், தைலம், பெண்டாட்டிக்கு வளையல். மாமா பெட்டியைத் திறந்தார். சிவப்பு அட்டைப் பெட்டிக்குள் ஒரு குட்டி எஞ்சின், இரண்டு பெட்டிகள், வளைந்த தண்டவாளங்கள். கூட வேலை பார்த்த ஜெர்மன்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனாராம். மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரே கேள்வி: "இதுக்காக்கும் மூணு வருசம் மணல்ல கிடந்தது?"

மாமா பதில் சொல்லாமல் ஒரு தண்டவாளத்தை எடுத்து மாமி கையில் கொடுத்தார். மாமி எடை பார்த்தார். "பித்தளையோ? நல்ல கனம் உண்டு" என்றார். அன்றைக்கு அந்த ரயில் பிழைத்தது அதனால்தான். விற்றால் விலை போகும் என்ற தெம்பு குடும்பத்தில் ஒரு ரயிலைக் காப்பாற்றும்.

அது எல்.ஜி.பி. ரயில். நியூரம்பர்க்கில் லேமன் என்ற பழைய பொம்மைக் கம்பெனி 1968-ல் கொண்டுவந்தது. தண்டவாள அகலம் 45 மில்லிமீட்டர், அளவு நிஜத்தில் 22.5-ல் ஒரு பங்கு. பெருக்கிப் பாருங்கள், மீட்டர் கேஜ் வந்துவிடும். அதாவது கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்குப் போனதும், சாக்கைக்கு வந்ததும் இந்த அகலம்தான். 1979-ல் எங்களுக்கு வந்தது அகலப்பாதை. அதைப் பொம்மையாக்கினால் எழுபத்து நாலரை மில்லிமீட்டர் வேண்டும், அப்படி யாரும் செய்வதில்லை. ஆகவே எங்கள் ஊருக்கு வராமல் ஏமாற்றிய மீட்டர் கேஜ் கடைசியில் மாமா பெட்டியில் வந்து இறங்கியது. எஞ்சின் பெயர் ஷ்டைன்ஸ். ஆஸ்திரியாவில் அதன் அசல் ஓடியது 760 மில்லிமீட்டர் பாதையில். அதற்கும் இந்த 45-க்கும் கணக்கு ஒத்துவராது. ஜெர்மன்காரர்களும் கணக்கில் கை வைப்பார்கள் என்று தெரிந்தபோது மாமாவுக்கு அவர்கள்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

முற்றத்துப் பலா மரத்தைச் சுற்றித் தண்டவாளம் போட்டோம். ஆம், எங்களுக்கும் ஒரு பலா மரம். முதல் இரண்டு நாள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வரிசை கட்டி நின்றார்கள். மூன்றாம் நாள் வண்டி தத்தித் தத்திப் போய், மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டது. கையால் தள்ளினால் ஒரு முழம் ஓடும், மறுபடி நிற்கும்.

விஷயம் இதுதான். இந்த ரயிலுக்கு மின்சாரம் தண்டவாளத்திலிருந்து வருகிறது. ஒரு தண்டவாளம் பிளஸ், மற்றது மைனஸ். சக்கரங்களும், எஞ்சினுக்கு அடியில் ஸ்பிரிங் வைத்து உரசிக்கொண்டு போகும் இரண்டு உலோகச் செருப்புகளும் அதை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கும். பித்தளை காற்றுபட்டுக் கறுத்தால், அந்தக் கறுப்பு மின்சாரத்தை மறிக்கும். எங்கள் ஊரில் இடவப்பாதி ஒரு மழை, துலாமாதம் ஒரு மழை, நடுவில் செம்மண் தூசி. கறுக்காமல் என்ன செய்யும்?

மாமா இரும்பு நார் எடுத்துத் தேய்த்தார். தண்டவாளம் மின்னியது. ஆனால் இரும்புப் பொடி உதிர்ந்து கிடந்தது, மோட்டாருக்குள் காந்தம். எஞ்சின் அதன்மேல் போக, பொடியெல்லாம் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. மோட்டார் மண்ணைத் தின்ற பிள்ளை மாதிரி நரநரவென்றது. அதைக் கழற்றி ஊசி முனையில் ஒவ்வொரு துணுக்காக எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

அப்போதுதான் மாமி வந்தார். வெள்ளிக்கிழமை தோறும் நிலவிளக்குத் துலக்குகிற கை. "பித்தளை துலக்க ஆம்பிளையளுக்குத் தெரியுமா?" ஒரு உருண்டை பழம்புளி, கொஞ்சம் உப்பு. மாமி ஒரு மணி நேரத்தில் முழு வட்டத்தையும் தேய்த்து முடித்தார். தண்டவாளம் செம்பொன் நிறத்தில் ஜொலித்தது. ரயில் பறந்தது. மாமா முதல்முறையாக மாமியைப் பார்த்து, "நீயாக்கும் எஞ்சினியர்" என்றார். மாமி முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு அவர் மகள் கல்யாணத்தில்தான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் தண்டவாளம் பச்சை. பாசி பிடித்த மாதிரி, விளிம்பெல்லாம் களிம்பு. விளக்கைத் துலக்கினால் கிணற்றடியில் கழுவி, துடைத்து, வெயிலில் வைப்பார் மாமி. மண்ணில் பதித்த தண்டவாளத்தைக் கழுவவில்லை. புளிப்பு ராத்திரி முழுக்கத் தன் வேலையைச் செய்திருந்தது. பிறகு ஒழுங்கு ஏற்பட்டது: புளி, தண்ணீர், உலர்ந்த துணி, கடைசியில் ஸ்பிரிட்டில் நனைத்த பாலராமபுரம் பழந்துண்டு. நல்ல நெசவுத் துண்டில் நூல் பிரியாது, பொட்டு உதிராது. 

அடுத்த தவறு என் கணக்கில். பல்சக்கரம் கிறீச்சிட்டது. வீட்டில் எது கிறீச்சிட்டாலும் தேங்காய் எண்ணெய்தான். கதவுக்கு, ராட்டினத்துக்கு, பாட்டியின் முழங்காலுக்கு. ஊற்றினேன், தாராளமாக. நாலு நாள் சுகமாக ஓடியது. பிறகு எண்ணெய் சிக்குப் பிடித்து, தூசியைச் சேர்த்து, பல்சக்கரத்தின் இடுக்கில் கறுப்பு அல்வாவாக உட்கார்ந்தது. எறும்பு வேறு. கட்டெறும்பு ஒன்று கியருக்குள் நசுங்கி எங்கள் ரயில்வே சரித்திரத்தின் ஒரே உயிர்ச்சேதமாகப் பதிவாயிற்று.

கார்பன் பிரஷ் தேய்ந்தபோது ஊரே திரண்டது என்று சொல்லலாம். மோட்டாருக்குள் சுழலும் கம்யூட்டேட்டரை இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டிருக்கும் சின்னக் கரித்துண்டுகள் அவை. ஜெர்மனிக்கா எழுதுவது? மிக்ஸி ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஒருவர் மிக்ஸி பிரஷ் ஒன்றைத் தந்தார். பெரியது. திண்ணையின் சிமென்ட் தரையில் உரசினோம். நாலு பக்கமும் சமமாகத் தேய வேண்டும். கோணினால் ஒரு மூலை மட்டும் தொட்டுப் பொறி பறக்கும். நான் உரச, மாமா வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க, "இன்னும் பைய, இன்னும் பைய" என்று சாயங்காலம் வரை போயிற்று. சரியாக உட்கார்ந்தது. பின்னால் வைக்கும் ஸ்பிரிங் துள்ளி எங்கோ போய் விழுந்தது. அதை மூன்று பேர் முழங்காலிட்டுத் தேடினோம். மாமியின் கொண்டையில் இருந்தது.

சக்கரத்தின் ரப்பர் பட்டை அறுந்தபோது மட்டும் எங்களுக்குக் கவலையே இல்லை. எஞ்சினின் ஒரு சக்கரத்தில், வழுக்காமல் இழுக்க ஒரு மெல்லிய ரப்பர் வளையம் உண்டு. சுற்றிலும் ரப்பர்த் தோட்டம். நான் சிரட்டையிலிருந்து பாலை எடுத்து நேரே சக்கரத்தில் தடவினேன். காய்ந்ததும் சேறு அப்பியது போல மேடும் பள்ளமுமாக இருந்தது, வண்டி நொண்டியடித்தது. உரித்தெடுத்துவிட்டுச் சைக்கிள் டியூபை வளையமாக நறுக்கி மாட்டினோம். பல வருடம் அதுவே ஓடியது.

புகைக்கென்று எஞ்சினுக்குள் ஒரு குட்டிச் சூடேற்றி உண்டு, தனித் திரவம் ஊற்ற வேண்டும். அது தீர்ந்தபின் வெறுமனே ஓடி, சூடேற்றி கருகிப்போனது. அதற்கு மாமி கண்ட வழி: பின்னால் இருக்கும் திறந்த பெட்டியில் ஒரு கிண்ணி, அதில் கனல், மேலே சாம்பிராணி. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு ரயில் மரத்தைச் சுற்றிப் புகை விட்டுக்கொண்டு வரும். பெட்டித் தரை கொஞ்சம் உருகியது. குவாலியரில் பிராந்தி, எங்கள் வீட்டில் சாம்பிராணி. எங்கள் விருந்தாளிகள் யார் சட்டையிலும் பட்டாணி விழவில்லை.

பிள்ளைகளுக்கு ரயிலைவிட எல்லை பிடித்துப்போயிற்று. 1956 நவம்பர் 1-ல் கோடு போட்டபோது விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை எல்லாம் சென்னை மாநிலத்துக்குப் போயின. செங்கோட்டையும் போனது, மாட்டு வண்டியில் எஞ்சின் கொண்டுவந்து விட்ட பாதையின் ஒரு முனை ஒரே ராத்திரியில் வெளிமாநிலம் ஆகிவிட்டது. தமிழர்கள் கேட்டும் நெய்யாற்றின்கரை மட்டும் கேரளத்திலேயே நின்றுகொண்டது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், திட்டுவதற்கு இரண்டும் என்று நாங்கள் வளர்ந்தோம். எனவே பலா மரத்தின் ஒரு பக்கத்தைக் களியக்காவிளை என்றும் மறுபக்கத்தைப் பாறசாலை என்றும் வைத்து, நடுவில் ஈர்க்குச்சியால் செக்போஸ்ட் போட்டோம். பெட்டியில் ஒரு பிடி அரிசி. நான் செக்போஸ்ட் அதிகாரி. பாதி அரிசி எனக்கு. யாரும் சொல்லித் தரவில்லை.

லேமன் கம்பெனி 2006-ல் திவாலானது. மறு வருடம் மார்க்லின் அதை வாங்கிக்கொண்டது. 1859-ல் தொடங்கிய மார்க்லின் 2009-ல், தன் 150-வது பிறந்த வருடத்தில், தானும் திவால் மனு கொடுத்து, பிறகு எழுந்து நின்றது. திருவனந்தபுரத்தில் வேளிக் காயலோரம் அரசாங்கமே 2020 நவம்பரில் ஒரு குட்டி ரயிலை விட்டது. இரண்டரை கிலோமீட்டர் பாதை, மூன்று பெட்டி, சுமார் 10 கோடி ரூபாய். சூரிய மின்சாரத்தில் ஓடும், நீராவி எஞ்சின் வேஷம், புகையும் வேஷம். அது தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பதில்லை என்பதால் புளி தேவைப்படாது. கடல் உப்புக் காற்று இருக்கிறது; துடைக்கிறவனுக்கு வேலை உண்டு.

மாமா இப்போது இல்லை. மாமிக்குக் கண் சரியில்லை, ஆனால் தண்டவாளத்தை விரலால் தடவிப் பார்த்து, "கறுத்துக் கிடக்கு" என்று சரியாகச் சொல்வார். சைக்கிள் டியூப் வளையம் மூன்று தடவை மாற்றியாகிவிட்டது. மிக்ஸி பிரஷ் இன்னும் ஒரு பக்கத்தில் இருக்கிறது. போன மாதம் நைலான் பல்சக்கரத்தில் இரண்டு பல் உடைந்து வண்டி நின்றுவிட்டது. அதை உரசியோ, ரப்பர் தடவியோ சரிசெய்ய முடியாது, பார்த்துவிட்டேன். நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளைப் பக்கத்தில் யார் வீட்டுப் பரணிலாவது வளைகுடாவிலிருந்து வந்த பழைய ஷ்டைன்ஸ் எஞ்சின் கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எனக்கு அதிலிருந்து ஒரே ஒரு பல்சக்கரம் போதும். பதிலுக்குத் தண்டவாளம் முழுவதையும் நானே வந்து துலக்கித் தருகிறேன். புளி நீங்கள் தர வேண்டும்.